ஏழாம் அத்தியாயம்: தபால் பெட்டிப் பிரசுரங்கள் – கலிபோர்னியாவின் ஆதி கம்ப்யூட்டர் நூல்களைச் சேகரிக்கும் முறை

1975-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்துப் 'பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்' சஞ்சிகையின் அட்டையில் ஆல்டேர் 8800 என்னும் சிறு கம்ப்யூட்டரின் படம் வெளிவந்ததும், அதனை உதிரிப் பாகங்களாகத் தபாலில் தருவித்துத் தம் கையாலேயே பற்றவைத்துப் பூட்டிய அமெரிக்க ஆர்வலர்களுக்கு, அந்த யந்திரத்தை வைத்துக்கொண்டு மேற்கொண்டு என்ன செய்வது என்று சொல்லிக்கொடுக்கும் நூல்களைப் பெரிய பிரசுராலயங்களின் பட்டியல்களில் காண்பது அரிதாயிருந்தது. அந்தக் குறையை நிவர்த்தி செய்தவர்கள், ஒரு தபால் பெட்டி எண்ணையே விலாசமாகக் கொண்டு, தாமே எழுதி, தாமே பக்கங்களை வெட்டி ஒட்டி அமைத்து, தாமே விளம்பரமும் செய்து விற்ற சிறு பிரசுரகர்த்தர்கள். 1972 முதல் ஏறத்தாழ 1983 வரையில் அவர்கள் வெளியிட்ட நூல்களைச் சேகரிக்க விரும்பும் வாசகருக்கு, எதைத் தேர்வது, எப்படி அடையாளம் காண்பது, எவ்விதம் வாங்குவது, வாங்கியதை எவ்வாறு காப்பது என்பவற்றைச் செய்முறை வரிசையில் இந்த அத்தியாயம் எடுத்துரைக்கும்.

தொடங்குமுன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெரிய பிரசுராலயத்தின் நூலில் ஒரு பிரதி மற்றொரு பிரதியைப் போலவே பெரும்பாலும் இருக்கும். சிறு பிரசுரகர்த்தரோ, அச்சுக்கு அச்சு பிழைகளைத் திருத்தியும், இடையே துண்டுத்தாள் செருகியும், அட்டையை மாற்றியும், விலையை ஏற்றியும் வந்தார். ஆகையால் இத்துறையில் ஒரு தலைப்பை வாங்குகிறோம் என்பதைவிட, ஒரு குறிப்பிட்ட பிரதியை வாங்குகிறோம் என்று கொள்வதே சரியாகும். கீழே வரும் படிகள் யாவும் இந்த ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டே செல்கின்றன.

எல்லையை வகுத்துக்கொள்ளுதல்

1. முதலில் ஒரே ஒரு பிரசுரகர்த்தரைத் தேர்ந்துகொள்ளுங்கள். 'பழைய கம்ப்யூட்டர் நூல்கள்' என்று பொதுவாகத் தொடங்கியவர், ஓராண்டுக்குள் அலமாரி நிறையச் சம்பந்தமற்ற நூல்களை அடுக்கிவிட்டு, எதைத் தேடுகிறோம் என்பதையே மறந்துவிடுவார்.

2. அடுத்து, ஆண்டு எல்லை ஒன்றை வகுத்து அதை எழுதி வையுங்கள். அந்தப் பிரசுராலயம் தனித்து நின்ற காலம் வரையில் என்று கொள்வது நலம். பெரிய நிறுவனம் ஒன்று அதனை வாங்கிவிட்ட பிறகு வந்தவை வேறு வகையைச் சேர்ந்தவை.

3. பிறகு, அந்த எல்லைக்குள் வெளிவந்த தலைப்புகளையெல்லாம் ஒரு நோட்டில் வரிசைப்படுத்துங்கள். இதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் அந்த நூல்களின் கடைசிப் பக்கங்களிலேயே இருக்கிறது. சிறு பிரசுரகர்த்தர்களில் அநேகர் தம் வெளியீட்டுப் பட்டியலையும், கத்தரித்து அனுப்பவேண்டிய ஆர்டர் படிவத்தையும் அங்கேதான் அச்சிட்டார்கள்.

தேர்வுக்குரிய பிரசுரகர்த்தர்கள் பலர் உண்டு. பாப் ஆல்பிரெக்ட் என்பவர் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் 1972-இல் தொடங்கிய பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனி, பெயரில் மட்டும் கம்பெனியாக இருந்து, குழந்தைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் பேசிக் மொழியைக் கற்பித்த ஒரு பத்திரிகை இயக்கம்; அதன் 'வாட் டு டூ ஆஃப்டர் யூ ஹிட் ரிட்டர்ன்' என்னும் விளையாட்டுத் தொகுப்பு 1975-இல் வந்தது. பெர்க்லி நகரில் ராட்னி ஜாக்ஸ் 1976-இல் நிறுவிய ஸைபெக்ஸ், 6502, இஸட்-80 ஆகிய சில்லுகளுக்கு நிரல் எழுதக் கற்பித்த நூல்களால் புகழ் பெற்றது. கிழக்குக் கரையில், கனெக்டிகட் மாகாணத்தின் மில்ஃபோர்டில் நாட் வாட்ஸ்வர்த்தின் ஸ்கெல்பி நிறுவனம், முதலில் கம்ப்யூட்டரையே விற்கத் தொடங்கி, பிற்பாடு புத்தகங்களால் நிலைபெற்றது. டெட் நெல்சன் 1974-இல் தம் சொந்தப் பொறுப்பில் வெளியிட்ட 'கம்ப்யூட்டர் லிப்', பிரசுராலயம் என்று சொல்லத்தக்க ஒன்றே இல்லாமல் பிறந்த நூல்.

இவர்கள் எல்லோரிலும், புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சிபாரிசு செய்வது ஆடம் ஆஸ்பார்னின் பிரசுராலயத்தைத்தான். அவருடைய நூல்கள் பரவலாக விற்றவையாதலால் இன்றும் கிடைக்கின்றன. அச்சு வேறுபாடுகள் தெளிவாயிருக்கின்றன. தனித்து நின்ற காலமோ, 1975 முதல் 1979 வரை, ஒருவர் முயன்றால் முழுமையாகத் திரட்டிவிடக் கூடிய அளவில் அடங்கியிருக்கிறது. தமிழ் வாசகருக்கு மற்றொரு பாத்தியதையும் உண்டு. பாங்காக்கில் 1939-இல் பிறந்த ஆடம் ஆஸ்பார்ன், ரமண மகரிஷியின் அடியாரும், 'மவுண்டன் பாத்' பத்திரிகையை 1964-இல் தொடங்கியவருமான ஆர்தர் ஆஸ்பார்னின் மகனாகத் திருவண்ணாமலையில் பாலப் பருவத்தைக் கழித்துத் தமிழைச் சரளமாகப் பேசியவர். ரசாயனப் பொறியியல் பயின்று அமெரிக்கா சென்று, பெயரும் செல்வமும் ஈட்டி, அவற்றை இழந்தும் பார்த்து, இறுதியில் 2003-இல் கொடைக்கானலில் காலமானார்.

ஆஸ்பார்ன் நூல்களின் வரிசை

சேகரிப்பின் முதுகெலும்பாக இருக்க வேண்டியது 'ஆன் இன்ட்ரொடக்ஷன் டு மைக்ரோகம்ப்யூட்டர்ஸ்' என்ற தொடர். 1975-இல் ஒரே நூலாக வந்து, அடுத்த ஆண்டில் அடிப்படைக் கருத்துகளை விளக்கும் முதல் பாகமாகவும், சந்தையில் இருந்த சில்லுகளை ஒவ்வொன்றாக ஆராயும் இரண்டாம் பாகமாகவும் விரிந்தது. முதல் பாகமே கடினமாயிருக்கிறது என்போருக்காக, 1977-இல், 'பாகம் பூஜ்யம்' என்ற எண்ணோடு ஓர் ஆரம்பநிலை நூல் வந்தது. ஆகவே பாகங்களின் எண் வரிசை வேறு, அவை பிறந்த வரிசை வேறு. அலமாரியில் 0, 1, 2 என்று அடுக்கினாலும், பதிவேட்டில் பிறந்த வரிசைப்படியே எழுதுங்கள். இம்சாய் நிறுவனம் தான் விற்ற கம்ப்யூட்டரோடு இந்நூலின் ஒரு பிரதியையும் பெட்டியில் வைத்து அனுப்பியதே இதன் பரவலான விற்பனைக்கு முக்கிய காரணமாயிற்று. ஆதலால் இம்சாய் யந்திரம் ஒன்றின் கையேடுகளோடு சேர்ந்து இந்நூல் விற்பனைக்கு வருமானால், அந்தக் கூட்டத்தைப் பிரிக்காமல் வாங்குவதே உத்தமம்.

இந்தத் தொடரில் சேகரிப்பவரின் சிரத்தையைப் பெரிதும் கோருவது, 1978-இல் புது வடிவில் மீண்டும் வந்த இரண்டாம் பாகமும், மூன்றாம் பாகமும். மாதத்துக்கு மாதம் புதுச் சில்லுகள் தோன்றிய அக்காலத்தில், பைண்டு செய்த நூல் வெளிவருமுன்பே பழசாகிவிடும் என்பதை உணர்ந்த ஆஸ்பார்ன், இவற்றைத் துளையிட்ட தனித்தாள்களாக அச்சிட்டு ரிங் ஃபைலில் கோத்து விற்றார். சந்தா கட்டியவர்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை புதிய தாள்கள் தபாலில் சென்றன. சந்தாதாரர் புதிய தாளைக் கோத்துப் பழைய தாளை எறிந்துவிடுவார்; அல்லது சோம்பலால் புதிய தாள்களை உறை பிரிக்காமலே வைத்திருப்பார். இரண்டு பிரதிகள் ஒன்றாயிருப்பது அபூர்வம் என்பதன் காரணம் இதுவே.

இவ்வகைப் பிரதியைப் பரிசோதிக்கும் முறை:

1. ஃபைலை மேஜைமீது மட்டமாக வைத்து, இரு முனையிலுமுள்ள நெம்பிகளையும் ஒரே சமயத்தில் அழுத்தித் திறவுங்கள். ஒரு முனையை மட்டும் அழுத்தினால் வளையங்கள் கோணிவிடும். பிறகு அவை பொருந்தி மூடா. வளையம் திடீரென விரிந்து மூடும்போது விரல் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. பக்க எண்களை ஆதியிலிருந்து அந்தம்வரை ஒன்றுவிடாமல் வாசித்து, விடுபட்டவற்றைத் தனிக் காகிதத்தில் குறியுங்கள். அத்தியாயம்தோறும் எண்கள் புதிதாகத் தொடங்குவதால், மொத்தப் பக்கத்தை எண்ணிப் பார்ப்பதில் பிரயோஜனம் இல்லை.

3. புதிதாகச் சேர்ந்த தாள்கள் எவை என்பதைக் காகிதத்தின் நிறத்தாலும், துளைகளின் தேய்மானத்தாலும் கண்டு குறித்துக்கொள்ளுங்கள்.

4. ஒரு பிரதியின் குறையை மற்றொரு பிரதியின் தாளால் நிரப்பாதீர்கள். நிரப்பினால், எந்தச் சந்தாதாரரிடமும் எக்காலத்திலும் இருந்திராத மூன்றாவது பிரதி ஒன்றைச் சிருஷ்டித்தவர் ஆவீர்கள். விடுபட்ட தாளின் போட்டோ நகலைத் தனி உறையில் வைத்து, இது நகல் என்று எழுதி, ஃபைலோடு சேர்த்து வைப்பதே நேர்மையான வழி.

புதுத் தாள் எதுவும் கோக்கப்படாத பிரதியை விற்பவர்கள் குறையுள்ளது என்று கருதி மலிவாகத் தருவார்கள். அதைத் தயங்காமல் வாங்குங்கள். 1978-இல் அச்சகத்திலிருந்து வெளிவந்தபடியே ஒரு நூல் நின்றுவிட்டது என்பது, இன்றைய நிலையில் அதன் பெருமையே ஆகும்.

இத்தொடருக்கு அடுத்தபடியாக, சம்பளப் பட்டியல், வரவு-செலவுக் கணக்கு, பேரேடு முதலிய வியாபாரக் காரியங்களுக்கான நிரல்களை முழுதாக அச்சிட்டுக் கொடுத்த நூல்கள் கவனத்துக்குரியவை. வாங்கியவர் அந்த வரிகளைத் தாமே தட்டச்சு செய்து தம் யந்திரத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இவை முதலில் வாங் கம்பெனியின் பேசிக்கிலும், பின்னர் சி-பேசிக் என்னும் மற்றொரு கிளைமொழியிலும் வந்தன. ஒரே தலைப்பைக் கண்டு, 'இது நம்மிடம் இருக்கிறது' என்று ஒதுக்கிவிடாமல், அட்டையில் எந்தப் பேசிக் என்று குறித்திருக்கிறது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். லான் பூல், மேரி போர்ச்சர்ஸ் ஆகியோரின் 'ஸம் காமன் பேசிக் புரோகிராம்ஸ்' இந்தப் பிரசுராலயத்தின் மிகப் பிரசித்தமான நூல்களில் ஒன்று. பல அச்சுகள் கண்டது. ஆகவே முதல் அச்சு அல்லாத பிரதிக்கு அதிக விலை கொடுக்க வேண்டியதில்லை.

அச்சை அடையாளம் காணுதல்

இத்துறையில் அதிகமாக நேரும் பிழை, காப்புரிமைப் பக்கத்தில் உள்ள ஆண்டையே அச்சிட்ட ஆண்டு என்று கொள்வது. காப்புரிமை 1976 என்றிருக்கும் நூல் 1979-இல் அச்சிடப்பட்டதாக இருக்கலாம். பின்வரும் வரிசையில் பாருங்கள்:

1. காப்புரிமைப் பக்கத்தில் 'இரண்டாம் அச்சு', 'மூன்றாம் அச்சு' என்ற வாசகம் உண்டா என்று தேடுங்கள். வாசகம் இல்லாமல் பக்கத்தின் அடியில் எண் வரிசை மட்டும் இருந்தால், அதில் எஞ்சியிருக்கும் மிகச் சிறிய எண்ணே அந்த அச்சின் எண்.

2. பிரசுராலயத்தின் பெயரைப் பாருங்கள். 'ஆடம் ஆஸ்பார்ன் அண்ட் அசோசியேட்ஸ்' என்று மட்டும் இருந்தால் தனித்து நின்ற காலம். 'ஆஸ்பார்ன்/மக்ரா-ஹில்' என்றிருந்தால் 1979-இல் மக்ரா-ஹில் நிறுவனம் வாங்கியதற்குப் பிற்பட்டது.

3. விலாசத்தைப் பாருங்கள். பெர்க்லி நகரின் தபால் பெட்டி எண் மட்டும் இருப்பது முற்காலத்தையும், பான்கிராஃப்ட் வே என்ற தெருவின் கதவு எண்ணோடு இருப்பது பிற்காலத்தையும் குறிக்கும்.

4. ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கடைசியாகப் பாருங்கள். ஆஸ்பார்னின் சொந்த எண் 0-931988 என்று தொடங்கும்; பிற்கால நூல்களில் 0-07-881 என்று வரும். ஆயினும் கைமாறிய பிறகும் சில காலம் பழைய எண்ணே வழங்கியதாலும், பல அச்சுகளுக்கு ஒரே எண் நீடித்ததாலும், இதனை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது.

5. பின்னட்டையின் விலையையும், கடைசிப் பக்கத்துப் பட்டியலையும் ஒப்பிடுங்கள். பட்டியலில் 1978-இல் வந்த நூல் ஒன்று இடம்பெற்றிருக்குமானால், கையிலிருக்கும் பிரதி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. முன்சொன்ன நான்கும் பயன்படாத இடத்திலும் இந்தச் சோதனை கைகொடுக்கும்.

மற்றப் பிரசுரங்களில் நினைவில் கொள்ள வேண்டியவை சிலவே. 'கம்ப்யூட்டர் லிப்' நூலின் பழைய பிரதி பெரிய அளவுத் தாளில், கண்ணை வருத்தும் பொடி எழுத்தில் இருக்கும். புரட்டித் தலைகீழாகப் பிடித்தால் மறுபக்கத்திலிருந்து 'டிரீம் மெஷின்ஸ்' என்ற இரண்டாவது நூல் தொடங்கும். மைக்ரோசாஃப்ட் பிரஸ்ஸின் டெம்பஸ் பெயரில் 1987-இல் வந்த பதிப்பு முற்றிலும் வேறு பொருள். டேவிட் ஆலின் '101 பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்' 1973-இல் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷனிலிருந்து வந்தது. அதனைத் திருத்தி 1978-இல் அவருடைய கிரியேட்டிவ் கம்ப்யூட்டிங் வெளியிட்ட 'பேசிக் கம்ப்யூட்டர் கேம்ஸ்' வேறு. இரண்டின் பெயரையும் விற்பவர்கள் அடிக்கடி மாற்றி எழுதுவார்கள்.

தேடுமிடங்கள்

கலிபோர்னியாவில் வசிப்பவரோ, அங்கே உறவினர் உள்ளவரோ ஆனால், பாலோ ஆல்டோ போன்ற ஊர்களில் நூலக நண்பர்கள் சங்கங்கள் நடத்தும் பழைய புத்தக விற்பனைகளை முதலில் பாருங்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்களின் வீட்டு அலமாரிகள் அங்கேதான் வந்து காலியாகின்றன. மவுண்டன் வியூவின் கம்ப்யூட்டர் ஹிஸ்டரி மியூசியத்தில் கூடும் விண்டேஜ் கம்ப்யூட்டர் ஃபெஸ்டிவல் மேற்குக் கரையின் முக்கியக் கூட்டம். கிழக்கே அதே விழா நியூஜெர்சியின் வால் நகரியத்தில் நடக்கிறது. இத்தகைய இடங்களில் விற்பவருடன் நேரில் பேசி, நூல் யாரிடமிருந்து வந்தது என்று கேட்டறிய முடிவது பெரிய லாபம்.

இந்தியாவிலிருந்து தேடுபவருக்கு ஈபேயும் ஏப்புக்ஸும்தான் பிரதான வழி. அமெரிக்கத் தபால் இலாகாவின் மலிவான மீடியா மெயில் கட்டணம் அந்நாட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஆகையால் அங்குள்ள ஒருவர் வீட்டில் பல நூல்களைச் சேர்த்து, ஒரே பெட்டியாக வரவழைப்பது சிக்கனம். சுங்கத் தீர்வை பற்றி வாங்குமுன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். ஸைபெக்ஸ் நூல்களை டில்லியின் பி.பி.பி. பப்ளிகேஷன்ஸ் இந்தியப் பதிப்புகளாக வெளியிட்டதால், அவை நம்மூர்ப் பழைய புத்தகக் கடைகளில் அகப்படலாம். அவற்றைப் பெர்க்லி பிரதிக்கு மாற்றாகக் கொள்ளாமல், தனிப் பிரிவாகச் சேர்த்து வையுங்கள்; இந்நாட்டு மாணவர் அக்காலத்தில் எந்தத் தாளில், என்ன விலைக்கு இவற்றை வாசித்தார் என்பதற்கு அவையே சாட்சி.

விற்பவரிடம் கேட்கவேண்டியவை

விற்பனைப் பட்டியலில் காணும் அட்டைப்படம் பல சமயம் அந்தப் பிரதியின் படமே அன்று, ஐ.எஸ்.பி.என். எண்ணைக் கொண்டு எங்கிருந்தோ தானாக வந்து விழுந்த படம். பணம் கட்டுமுன் பின்வருவனவற்றை மரியாதையாக எழுதிக் கேளுங்கள்.

1. காப்புரிமைப் பக்கத்தின் புகைப்படம் ஒன்று.

2. முதுகின் புகைப்படமும், நூலை மெதுவாகத் திறந்த நிலையில் நடுப்பக்கத்தின் புகைப்படமும். பெர்ஃபெக்ட் பைண்டிங் செய்த அக்காலத்து நூல்களில் பசை உலர்ந்து நொறுங்கி, தாள்கள் கற்றையாகக் கழன்றுவருவது சாதாரணம்.

3. செருகிய பிழைதிருத்தத் தாள், ஆர்டர் அட்டை, மடித்த வரைபடம் ஏதும் உள்ளதா?

4. பூஞ்சை வாடையோ, நீர்க்கறையோ, பூச்சித் துளையோ உண்டா? 'புகை பிடிக்கும் வீட்டிலிருந்து வந்ததா' என்பதையும் கேட்கலாம்.

5. உள்ளே எழுத்து இருந்தால் எங்கே, எதனால் எழுதப்பட்டது?

கடைசிக் கேள்வியின் நோக்கத்தை விளக்க வேண்டும். பொதுவாகப் பழைய புத்தக வியாபாரத்தில் உள்ளே எழுதியிருப்பது குறை, விலை இறங்கும். இத்துறையில் என் அபிப்பிராயம் அதற்கு நேர் மாறானது. அச்சிட்ட நிரலில் ஒரு வரியைப் பென்சிலால் அடித்து, பக்கத்தில் சரியான வரியை எழுதிவைத்த கை, அந்த நிரலை உண்மையாகவே யந்திரத்தில் ஏற்றி, அது ஓடாமற்போகக் கண்டு, இரவு விழித்துப் பிழையைப் பிடித்த ஒருவருடைய கை. அக்குறிப்புகள் பிரசுரகர்த்தர் பின்னர் வெளியிட்ட திருத்தத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பது, இந்தச் சேகரிப்பு தரும் இன்பங்களில் தலையாயது. மஞ்சள் மார்க்கரால் பாடப்புத்தகம்போல் பூசப்பட்ட பிரதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள். பைட் ஷாப் போன்ற பழைய கம்ப்யூட்டர் கடைகளின் விலைச்சீட்டோ, கம்ப்யூட்டர் ஆர்வலர் சங்கத்தின் ரப்பர் முத்திரையோ இருந்தால் அதற்காகச் சற்று அதிகமும் கொடுக்கலாம்.

குறிப்பு: விலையை நிர்ணயிக்கும்போது விற்பவர்கள் கேட்கும் விலையைப் பாராமல், ஈபேயில் முடிந்த விற்பனைகளின் விலையைப் பாருங்கள். ஐந்தாண்டாக விலைபோகாமல் கிடக்கும் நூலின் விலைச்சீட்டு எதற்கும் ஆதாரமாகாது.

பொட்டலம் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: முதலில் நீர் புகாத உறை, பிறகு இருபுறமும் நூலைவிடப் பெரிய கெட்டி அட்டை, அதன்பின் பெட்டி. ரிங் ஃபைலானால் வளையங்களுக்கு இடையே காகிதத்தைச் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள். இல்லையேல் வழிநெடுக ஆடி ஆடித் துளைகள் கிழிந்துபோகும்.

பிரதி கைக்கு வந்ததும்

1. பெட்டியைத் திறக்குமுன் நாற்புறமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சேதம் இருந்தால் அதுவே நிரூபணம்.

2. புதிதாக வந்த நூலை மற்ற நூல்களுடன் உடனே சேர்க்காமல், இரண்டு வாரம் தனி அறையிலோ மூடிய பெட்டியிலோ வைத்துக் கவனியுங்கள். பெட்டியின் அடியில் வெள்ளைக் காகிதம் விரித்திருந்தால், இராமபாணப் பூச்சி இருக்குமானால் அது உதிர்க்கும் பொடி தெரியும்.

3. பூச்சி இருப்பது உறுதியானால் மருந்து தெளிக்காதீர்கள். நூலைக் காற்றுப்புகாத பாலிதீன் உறையில் இட்டு ஒட்டி, −18 டிகிரி அளவில் இயங்கும் ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு முழு நாள் உறையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் காற்றின் ஈரம் தாளின்மேல் நீராகப் படிந்துவிடும்.

4. பூஞ்சை தெரிந்தால், என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே, காற்று உங்கள் பக்கம் வீசாத இடத்தில் வைத்து, முழுதாக உலரவிட்ட பின்னரே மென்மையான தூரிகையால் துடையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைத் தாமே செய்தலாகாது. ஈரத்துணி எக்காலத்தும் வேண்டாம்.

5. சென்டர் பின் அடித்த நூல்களில் பின் துருப்பிடித்திருந்தால், நடுத்தாளில் பின்னின் கால்களைத் தட்டையான கத்தி முனையால் நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் பருத்தி நூலால் தைத்துக்கொள்ளலாம். துருப்பிடித்த முனை கையில் ஏறாதபடி ஜாக்கிரதையாயிருங்கள்.

6. கழன்ற தாளைச் செல்லோடேப் கொண்டு ஒட்டாதீர்கள், லாமினேஷன் செய்யாதீர்கள், உள்ளூர் பைண்டரிடம் கொடுத்து ஓரம் வெட்டிப் புது அட்டை போடச் சொல்லாதீர்கள். மூன்றும் மீட்க முடியாத சேதங்கள். கழன்ற தாள்களை உரிய இடத்திலேயே வைத்து, நூல் முழுவதையும் பருத்தி நாடாவால் தளரக் கட்டிவைத்தால் போதும்.

7. விலைச்சீட்டுகளையும் முத்திரைகளையும் உரிக்காதீர்கள். செருகிய தாள்கள் எந்தப் பக்கத்துக்கிடையே இருந்தன என்று குறித்துக்கொண்டு, அமிலமற்ற காகித உறையில் இடுங்கள்.

வைத்துக் காத்தல்

பீப்பிள்ஸ் கம்ப்யூட்டர் கம்பெனியின் பத்திரிகை போன்றவை செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை. மரக்கூழின் லிக்னின் வெளிச்சத்தாலும் காற்றாலும் சிதைந்து, தாள் மஞ்சளாகி முறியும். அதனைத் தடுக்க இயலாது, தாமதப்படுத்தலாம். மடிக்காமல், அமிலமற்ற அட்டைப்பெட்டியில் படுக்கவைத்து, இருளில் வையுங்கள்.

நூல்களை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் சுவர் ஈரத்தைக் கக்கும். சென்னை போன்ற கடற்கரை ஊரில் ஈரப்பதமானி ஒன்று வாங்கி அலமாரிக்குள் வைப்பது அவசியம். 35 முதல் 50 சதவிகிதத்துக்குள் இருப்பது நலம், 65-ஐத் தாண்டினால் பூஞ்சை தொடங்கும். சிலிக்கா ஜெல் பைகளை மாதம் ஒருமுறை உலர்த்தி மீண்டும் வைக்கலாம். பி.வி.சி. உறைகள் காலப்போக்கில் அட்டையின் மையைத் தம்மோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறைகளே தகுந்தவை. நம் முன்னோர் ஏட்டுப் பெட்டியில் வைத்த வசம்பையும் வேப்பிலையையும் வைக்க விரும்புவோர், நன்றாக உலர்த்தித் துணிப்பையில் இட்டு, தாளில் படாதவாறு வைக்கலாம். நாப்தலீன் உருண்டைகள் வேண்டாம். அவற்றின் ஆவி மூடிய அறையில் மனிதருக்கே தீங்கு.

பதிவேடும் நகலும்

ஒவ்வொரு பிரதிக்கும் ஓர் எண் கொடுத்து, தலைப்பு, ஆசிரியர், அச்சு, விலாசம், அச்சிட்ட விலை, செருகல்கள், உள்ளெழுத்து, வாங்கிய நாள், கொடுத்த விலை, யாரிடமிருந்து என்பவற்றை எழுதுங்கள். நூலில் எண் இடுவதானால் மென்மையான பென்சிலால் பின்னட்டையின் உட்புறத்தில் மட்டும். பதிவேட்டை ஒரு நோட்டிலும் கம்ப்யூட்டரிலும் இரட்டையாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவில் இந்நூல்களில் பலவற்றின் நகல்கள் உள்ளன. உங்கள் பிரதியில் தாள் விடுபட்டிருக்கிறதா என்று ஒப்பிடவும், அச்சு வேறுபாடுகளைப் பக்கம் பக்கமாகக் காணவும் அவை மிகவும் உதவும். ஆஸ்பார்னின் நூல்களில் சுருக்கமான பொருள் தடித்த எழுத்திலும் விரிவுரை மெல்லிய எழுத்திலும் இருப்பதால், மங்கலான நகலில் இந்த வேறுபாடு மறைந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். நீங்களே நகல் எடுப்பதானால், நூலைக் கவிழ்த்து ஸ்கேனர்மீது அழுத்தாமல், முழுதாக விரியாதபடி தாங்கி வைத்து மேலிருந்து காமிராவால் படம் எடுங்கள். காப்புரிமை இன்னும் உயிரோடிருக்கிறது. சொந்த உபயோகத்துக்கு அப்பால் நகலை வழங்குமுன் உரிமையாளரின் அனுமதியைப் பெற வேண்டும்.

இரட்டிப்பாகச் சேரும் பிரதிகளை விற்பதைவிட, உங்களிடம் இல்லாத அச்சு ஒன்றுக்குப் பரிமாற்றமாகக் கொடுப்பது நலம். அவ்வாறு கொடுக்குமுன் இரண்டையும் அருகருகே வைத்து, அட்டை முதல் ஆர்டர் படிவம் வரை ஒப்பிட்டு, வேறுபாடுகளைப் பதிவேட்டில் எழுதிவிடுங்கள். 'ஒன்றே' என்று நினைத்த இரண்டு பிரதிகள் வெவ்வேறு அச்சுகள் என்பது பெரும்பாலும் அப்போதுதான் வெளிப்படுகிறது. அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாக அளிக்க எண்ணுவோர், முதலில் பட்டியலை மட்டும் அனுப்பி, அவர்களுக்குத் தேவையானவை எவை என்று தெரிந்துகொண்டு, பிறகே பெட்டியைக் கட்ட வேண்டும். ஒரு பெட்டியில் 15 கிலோவுக்கு மேல் அடுக்காதீர்கள். இந்நூல்கள் கனமானவை, தூக்குபவரின் இடுப்பையும் நினைக்க வேண்டும்.